ஹெட் வேலைக்குப் பிறகு அம்பாசடரில் கேட்ட இரண்டு சத்தங்கள்

எங்கள் வீட்டில் இருப்பது 1986ஆம் ஆண்டு மாடல் அம்பாசடர் மார்க் 4, 1489 சிசி பெட்ரோல் வண்டி. அப்பா காலத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் இந்த வண்டியின் இன்ஜினில் பதினெட்டு மாதங்களுக்கு முன் ஹெட் வேலை (சிலிண்டர்களை மேலிருந்து மூடி, வால்வுகளைத் தாங்கும் பாகத்தைக் கழற்றிச் செய்யும் வேலை) செய்தோம். அதற்குப் பின் எழுந்த சத்தங்களைக் கண்டுபிடித்த அனுபவத்தை, இதே இன்ஜின் வைத்திருப்பவர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முந்தைய ஓராண்டில் வண்டி வழக்கத்தைவிட அமைதியாக ஓடியது. டாப்பெட் சத்தம், அதாவது வால்வுகளைத் திறக்கும் பாகங்களுக்கு இடையில் விடும் சிறு இடைவெளியால் வரும் தட்டல், தானாகவே குறைந்துவிட்டதே என்று மகிழ்ந்தேன். அந்த அமைதிதான் நோய் என்பது நான்காவது சிலிண்டரில் கம்ப்ரெஷன் (உள்ளே அழுத்தம் பிடிக்கும் திறன்) போன பிறகே புரிந்தது. இந்தப் பழைய ஹெட், ஈயம் கலந்த பெட்ரோல் புழக்கத்தில் இருந்த நாளில் வடிவமைக்கப்பட்டது. ஈயம் விட்டுச்செல்லும் மெல்லிய படிவமே, புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வுகள் மூடும்போது உட்காரும் சீட்டுகளைத் தேய்மானத்திலிருந்து காத்து வந்தது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு ஈயப் பெட்ரோல் முற்றிலும் நிறுத்தப்பட்ட பின், சீட் தேயத்தேய வால்வு ஹெட்டுக்குள் ஏறுகிறது. டாப்பெட் இடைவெளி சுருங்கிச் சத்தம் அடங்குகிறது. ஒரு கட்டத்தில் வால்வு முழுதாக மூடாமல் எரிந்துபோகிறது. எங்கள் வண்டியில் நடந்ததும் இதுவே.

கடினச் சீட்டுகள் பொருத்தி, எக்ஸாஸ்ட் வால்வுகளைப் புதிதாகப் போட்டு, லேத்தில் ஹெட்டை ஃபேஸ் அடித்து (முகத்தைச் சமமாகச் சீவி), புது கேஸ்கெட்டுடன் (இடையில் வைக்கும் அடைப்புத் தகடு) வண்டி திரும்பி வந்தது. இழுவை நன்றாக இருந்தாலும், ஐடிலிங்கில் 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தமும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் 'டப் டப்' என்று கனமான சத்தமும் சேர்ந்து வந்தன. வேலை செய்த ஒர்க்ஷாப்பில், "பழைய வண்டி சார், மேலே டைட் ஆனதும் கீழே பிக் எண்ட் பேசுது, கிராங்க்கை இறக்கிடலாம்" என்றார்கள். பிக் எண்ட் என்பது, இன்ஜினின் அடியில் சுழலும் தண்டான கிராங்க்கைப் பிஸ்டனின் தண்டு பிடிக்கும் இடம். அவர்கள் காட்டிய காரணம் முழுக்கப் பொய்யல்ல. டாப்பெட் சத்தம் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது ஒரு முறைதான் வரும்; அந்தக் கனமான சத்தமோ, பிக் எண்ட் சத்தத்தைப் போல, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை வந்தது.

கிராங்க்கை இறக்கச் சம்மதிக்கும் முன், எழுபது வயதைத் தாண்டிய, அம்பாசடரிலேயே காலம் கழித்த ஒரு மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் அழுத்தி, நுனியைச் சம்பிலும் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) பிளாக்கிலும் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) வைத்துக் கேட்டார். அங்கே சத்தம் பலமாக இல்லை. பிறகு ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றி எர்த்தில் வைத்து, அந்தச் சிலிண்டர் எரியாதபோது சத்தம் குறைகிறதா என்று பார்த்தார். ஒன்றையும் நான்கையும் கழற்றியபோது மாற்றமில்லை. இரண்டைக் கழற்றினால் பாதி குறைந்தது, அதை மாட்டிவிட்டு மூன்றைக் கழற்றினாலும் பாதிதான் குறைந்தது. நான் குழம்பினேன், அவர் சிரித்தார். "ரெண்டுக்கும் மூணுக்கும் எக்ஸாஸ்ட் வாசல் ஒண்ணுதான் தம்பி" என்றார்.

அந்த ஒரு வரியில் எல்லாம் தெளிவானது. இந்த ஹெட்டில் நடு இரண்டு சிலிண்டர்களின் புகையும் ஒரே வழியாக வெளியேறுகிறது. ஃபயரிங் வரிசை (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-3-4-2 என்பதால், அந்த வழியில் கிராங்க்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை புகை தள்ளப்படுகிறது. அங்கே கசிவு இருந்தால் அதன் தாளம் பிக் எண்ட் தாளத்தைப் போலவே இருக்கும். புகையை ஹெட்டிலிருந்து கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைக் கழற்றியபோது நடு வாசலின் ஓரத்தில் விரல் அகலத்துக்குக் கரி படிந்திருந்தது. காரணமும் அருகிலேயே கிடைத்தது. இன்டேக் (உள்ளே காற்றும் பெட்ரோலும் வரும் குழாய்), எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுகளின் விளிம்புகள் இரண்டையும் ஒரே தடித்த வாஷர் சேர்த்து அழுத்துகிறது. லேத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் முகத்தையும் சீவியிருந்ததால் அதன் விளிம்பு மெலிந்து, வாஷர் இன்டேக்கை மட்டும் அழுத்திக்கொண்டு எக்ஸாஸ்டின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. வாஷரின் இன்டேக் பாதியை அரத்தால் ராவி, புது கேஸ்கெட் போட்டதும் 'டப் டப்' நின்றுபோனது. கிராங்க்கை எவரும் தொடவில்லை.

மெல்லிய 'டிக் டிக்' மட்டும் மிஞ்சியது. டாப்பெட் இடைவெளி 0.015 அங்குலம். பிளக்குகளைக் கழற்றி, ஹேண்டில் போட்டுச் சுற்றி, எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றையும், ஆறு திறந்திருக்கும்போது மூன்றையும் என்று வால்வு எண்களின் கூட்டுத்தொகை ஒன்பது வருமாறு வைக்க வேண்டும். நானே இருமுறை வைத்தும் சத்தம் போகவில்லை. வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்களான ராக்கர்களைக் கழற்றி நுனியை விரல் நகத்தால் தடவியபோதுதான் விஷயம் தெரிந்தது. பழைய வால்வுத் தண்டு பல்லாண்டுகளாக இடித்த இடத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது. இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு பள்ளத்துக்குள் இறங்காமல் அதன் கரைகளின் மேல் பாலம் போலப் படுத்துக்கொள்வதால், தகடு 0.015 என்று காட்டும்போது உண்மையான இடைவெளி அதைவிட அதிகமாக இருக்கிறது. சென்னை புதுப்பேட்டையில் ராக்கர்களும் ஷாஃப்டும் வாங்கினேன். 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டிக்கு இன்னும் உதிரிபாகம் கிடைப்பது ஆறுதல்தான் என்றாலும், கடைக்காரர் தந்த எட்டில் இரண்டு ராக்கர்களின் நுனி கரடாக இருந்ததால் மாற்றி வாங்க வேண்டியிருந்தது.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கினோம். வண்டி இன்னும் அமைதியானது. எனக்கோ பழைய நினைவு வந்து வயிற்றைக் கலக்கியது. ராக்கர் தாங்கிகளையும் இதே நட்டுகளில் சில பிடிப்பதால், கேஸ்கெட் அமுங்கி ஹெட் இறங்கும்போது தாங்கிகளும் இறங்குகின்றன. ராக்கரைக் கீழிருந்து தள்ளும் புஷ்ராடின் நீளம் மாறாததால் இடைவெளி சுருங்குகிறது. அளந்து பார்த்தால் நான்கு வால்வுகளில் 0.012தான் இருந்தது. மீண்டும் 0.015 வைத்தேன். ஹெட்டை இறுக்கிக் கொடுக்கும் ஒர்க்ஷாப்பில் டாப்பெட்டையும் அதே நாளில் வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பலர் அதைச் செய்வதில்லை.

அதன்பின் ஒன்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூவாயிரத்துக்கு ஒரு முறை இடைவெளியை அளந்து நோட்டில் குறித்து வருகிறேன்; எக்ஸாஸ்ட் வால்வுகள் நான்கும் வைத்த இடத்திலேயே நிற்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்கு அடியிலிருந்து தையல் மெஷின் ஓடுவது போல ஒரு மெல்லிய சத்தம் வருகிறது. பக்கத்து வீட்டுக்காரர், "டாப்பெட் சத்தம் வருதே, டைட் வெச்சிடலாமே" என்கிறார். நான் வைப்பதாக இல்லை.