பள்ளிக்கூடச் சைக்கிளை நம்பிக் கொடுக்க சோமனூரில் ஒரு கடை

பிளஸ் ஒன் படிக்கும் மகளுக்கு அரசு சைக்கிள் கிடைத்ததும் நேராக இந்தக் கடைக்குத்தான் ஓட்டிவந்தேன். புதுச் சைக்கிளுக்கு என்ன வேலை என்பார்கள். நிறைய இருக்குதுங்க. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து பிள்ளை கிளம்பும்போது இருட்டிவிடும். பாவு (தறியில் ஏற்றும் நெடுக்கு நூல்) ஏற்றிய டெம்போவும் துணி பேல் லாரியும் அதே ரோட்டில்தான் வரும்.

கடைக்கார அண்ணன் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் மகளைச் சீட்டில் உட்காரச் சொன்னார். “காலை ஊனு அம்மணி.” நுனிவிரல்தான் எட்டியது. இரண்டு முன்பாதமும் தரையில் நன்றாகப் படும்வரை சீட்டை இறக்கினார். பிறகு பிரேக் கட்டைகள் ரிம்மில் இருபுறமும் ஒன்றாகப் பிடிக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முன்பிரேக்கை மட்டும் அழுத்தாமல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும்படி கடை வாசலிலேயே ஓட்டிப் பழக்கினார். இதற்குத் தனிக்கூலி கேட்கவில்லை.

பின்னால் சிவப்பு, முன்னால் வெள்ளை, பெடலில் மஞ்சள் என்று ரிஃப்ளெக்டர் மாட்டினார். பெடல் ரிஃப்ளெக்டரை வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள். அது மேலும் கீழும் போய்வருவதால், பின்னால் வருகிறவருக்குச் சைக்கிள் போகிறது என்று தூரத்திலேயே பிடிபடும்.

சின்னப் பிள்ளைகள் அளவுக்கு ஹெல்மெட் இங்கே இல்லை. அது பெரிய குறை. கோயம்புத்தூர் போய்த்தான் வாங்கவேண்டும். புருவத்துக்கு மேல் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி இருந்தால் அந்த சைஸ் வேண்டாம்.

கோணலான ரிம்மோடு வரும் பள்ளிக்கூடச் சைக்கிள்களை அண்ணன் எனக்குக் காட்டினார். பள்ளி வாசலில் இருக்கும் குறுகலான வேகத்தடை தூக்கிப்போடுவதுதான் காரணம் என்கிறார். அதில் ஏறப் பயந்து மற்ற பிள்ளைகள் வேகத்தடைக்கும் ரோட்டோரத்துக்கும் நடுவில் இருக்கும் சந்தில் நுழைகிறார்கள். பைக் ஓட்டுகிறவர்களும் அதே சந்தில்தான் நுழைகிறார்கள். என் மனசு அங்கேதான் பதறுகிறது. ரோடு போடும் முறைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வேகத்தடைக்குச் சொல்லும் அளவு, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம். அப்படி அகலமாக, ரோட்டின் இரு ஓரம்வரை போட்டால் வண்டிகள் 25 கி.மீ. வேகத்துக்கு இறங்கும், சைக்கிளும் தூக்கிப்போடாது. அப்படியே மாற்றித்தரக் கேட்டுப் பெற்றோர்கள் எழுதிய மனு இப்போது இந்தக் கடை மேசையில்தான் இருக்கிறது. அண்ணன் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை கூட்டம் அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே சைக்கிளை விட்டுவிடுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், மனுவிலும் ஒரு கையெழுத்துப் போடுங்கள்.