அவிநாசிப் பக்கம் ஒரு வள்ளி கும்மிப் பயிற்சி: சேரலாமா?

வள்ளி, முருகன் கதையைப் பாடியபடி வட்டமாக நின்று ஆடும் கொங்கு நாட்டுப்புற ஆட்டம் வள்ளி கும்மி. அதைச் சொல்லித்தரும் ஒரு குழுவின் தரம் தெரிய அரங்கேற்றம் வரை காத்திருக்க வேண்டாம். சேர்ந்த முதல் இரண்டு வாரம் என்ன சொல்லித்தருகிறார்கள் என்று பார்த்தாலே போதும். அவிநாசி வட்டாரத்தில், ஒரு ஊர்க் கோயில் திடலில் இரவு 7.30 முதல் 9 வரை நடக்கும் இந்தப் பயிற்சியைத் தயங்காமல் பரிந்துரைக்கக் காரணமே அந்த இரண்டு வாரம்தான்.

அதுவரை யாருக்கும் சலங்கை கிடையாது. வெறுங்கால், மண் தரை, ஆசிரியரின் கைத்தட்டு, நடை. புதிதாக வருபவர்கள் குதிகாலைத்தான் முதலில் தொப்பென்று ஊன்றுவார்கள். ஒன்றரை மணி நேரம் அப்படி ஆடினால் மறுநாள் மாடிப்படி ஏற முடியாது. முன்பாதம் மண்ணைத் தொட்ட பிறகே குதிகால் இறங்க வேண்டும். முழங்கால் விறைக்காமல் சற்று இளகி இருக்க வேண்டும். இங்கே ஒவ்வொருவர் பாதத்தையும் குனிந்து பார்த்துத் திருத்துகிறார்கள். சிமெண்ட் தரையில் சொல்லித்தரும் குழுக்களில் பாதிப் பேர் கால்வலியோடு நின்றுவிடுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது வட்டம். கை தட்டக் குனியும்போதெல்லாம் எல்லோரும் அறியாமலே அரை அடி உள்ளே வந்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் வட்டம் சுருங்கி, தோளோடு தோள் இடிக்கும். இதற்குச் சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருக்கிறார்கள். ஆளுக்கு 4 அடி என்றால் 40 பேருக்குச் சுற்றளவு 160 அடி, குறுக்களவு சுமார் 51 அடி. உள்வட்டத்தில் 24 பேர் நின்றால் குறுக்களவு 30 அடிக்குச் சற்று மேல். இந்தக் கணக்குப் போடாமல் ஆளைச் சேர்த்துக்கொண்டே போகும் குழுவில் அடவு எதுவும் தெளிவாக வராது.

பாட்டை ஒலிப்பதிவில் ஓடவிடாதது பெரிய நிறை. ஆசிரியர் ஓரடி பாட, ஆடுபவர்கள் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். வேகம் மிஞ்சுகிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்: ஓரடியை மூச்சு முட்டாமல் பாட முடியவில்லை என்றால் உடம்புக்கு அந்த வேகம் அதிகம். ஆசிரியர் அதைக் காதால் கேட்டுத் தாளத்தைத் தளர்த்துகிறார். ஒலிப்பதிவு யாருக்காகவும் தளராது. கதையும் மனத்தில் பதிகிறது. தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக் கிளி விரட்டும் இடத்தில் கை கவண் சுற்றுவதுபோல் வீச வேண்டும் என்று யாரும் சொல்லாமலே வீசுகிறார்கள்.

மூன்றாவது வாரம் சலங்கை. கணுக்கால் எலும்புக்கு இரண்டு விரல் மேலே, பருத்தித் துணி சுற்றி, அதன்மேல் கட்டச் சொல்கிறார்கள். தளர்வாகக் கட்டினால் பட்டை கீழே இறங்கி எலும்பை உரசிப் புண்ணாக்கும். இறுக்கினால் பாதம் மரத்துப்போகும். சலங்கை ஏறியதும் தப்பாக வைக்கும் அடியெல்லாம் ஊருக்கே கேட்கும். நடை படியும் முன்பே சலங்கை கொடுத்தால், அந்த ஓசைக்குப் பயந்து காலைத் தூக்காமல் இழுத்து ஆடும் பழக்கம் வந்துவிடும். அதைப் பிறகு மாற்றுவது மிகக் கடினம்.

குறைகளும் உண்டு. வந்ததும் நேராக ஆட்டத்தில் இறக்குகிறார்கள். ஐந்து நிமிடம் கணுக்கால் சுழற்றி, கெண்டைக்காலை நீட்டித் தளர்த்திய பிறகு தொடங்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது கட்டாயம். இன்னொன்று, ஒலிபெருக்கியைத் திடலின் ஒரு மூலையில் வைப்பது. பயிற்சிக்கு அது போதும். பெரிய திடலில் 200 அடி தள்ளி நிற்பவருக்குப் பாட்டு ஏறக்குறைய 0.18 நொடி தாமதமாகப் போய்ச் சேரும். கைத்தட்டு சிதறுவது அதனால்தான். பெட்டிகளை வட்டத்தின் நடுவில் வைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பெண்கள் தாராளமாகச் சேரலாம். இங்கே அவர்களே அதிகம். முன்பு ஆண்களே ஆடிவந்த இந்தக் கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்ரப்பன். அவருக்கு 2024-இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது கொங்குப் பகுதியே மகிழ்ந்தது.

பயிற்சிக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆசிரியருக்கான தொகையை ஊரார் பகிர்ந்துகொள்கிறார்கள். அரங்கேற்றச் சேலையும் சலங்கையும் அவரவர் செலவு. சேர்வதானால் தொடக்க நாளிலேயே சேருங்கள். நடுவில் வருபவர்களையும் மறுக்காமல் சேர்த்துக்கொள்கிறார்கள், ஆனால் நடை படியும் வரை கோட்டுக்கு வெளியே நின்றுதான் ஆட வேண்டும்.