போரிங்கா, போர்டா?

"ஐ ஆம் போரிங்" என்றால் எனக்குப் போரடிக்கிறது என்று அர்த்தமில்லை, நான் மற்றவர்களைப் போரடிக்கிற ஆள் என்றாகிவிடும். சொல்ல வேண்டியது "ஐ ஆம் போர்ட்".

நாம் இதில் குழம்புவதற்குத் தமிழிலேயே ஒரு காரணம் இருக்கிறது. "படித்த பையன்", "படித்த புத்தகம்" இரண்டுக்கும் நமக்கு ஒரே பெயரெச்சம் போதும், யார் படித்தார், எது படிக்கப்பட்டது என்பதை நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. செய்கிற பக்கம் என்றால் இங் வடிவம், அந்தச் செயலுக்கு ஆளான பக்கம் என்றால் பெரும்பாலும் ஈடி வடிவம். புத்தகம் போரிங், அதைப் படித்த பையன் போர்ட்.

இவற்றை நிகழ்கால எச்சம், இறந்தகால எச்சம் என்று சொல்லித் தருவது எனக்குப் பிடிக்கவே இல்லை, ஏனென்றால் காலம் இவற்றில் இல்லை: "ஐ வாஸ் போர்ட்" நேற்று, "ஐ வில் பீ போர்ட்" நாளை, மாறியது வாஸும் வில் பீயும்தான், போர்ட் அசையவே இல்லை.

இங் வடிவம் சுலபம். மற்றதில்தான் மனப்பாட வேலை, எல்லா வினைகளுக்கும் அது ஈடியில் முடியாது: பிரேக், புரோக், புரோக்கன். "ஐ புரோக் த கப்" சரி, அப்புறம் அந்தக் கப்பைக் காட்டும்போது "புரோக்கன் கப்", ஒருபோதும் "புரோக் கப்" கிடையாது.