ட்ரோபோனின்: இருபாலருக்கும் ஒரே வரம்பா, தனித்தனி வரம்பா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஐம்பத்தைந்து வயதுப் பெண் ஒருவர் நெஞ்சு நோவுடன் மட்டக்களப்புக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாயு என்று சொல்லி வீட்டில் உள்ளியும் இஞ்சியும் கொடுத்துப் பார்த்தாயிற்று. ஈசிஜியில் பெரிதாக ஒன்றும் இல்லை. இதயத் தசை சேதமடைந்தால் இரத்தத்தில் கூடும் புரதமான ட்ரோபோனின் ஐ, லீற்றருக்கு 21 நனோகிராம். இது கூடுதலா, இல்லையா?

மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் அபொட் நிறுவனத்தின் உயர் உணர்திறன் சோதனையில் பொது வரம்பு 26. தனித்தனியாகப் பார்த்தால் பெண்ணுக்கு 16, ஆணுக்கு 34. ஆரோக்கியமானவர்கள் நூறு பேரில் 99 பேர் அடங்கும் எல்லை இது. பெண்ணின் இதயத் தசை சராசரியாகச் சிறியது என்பதால் இரத்தத்தில் சேரும் ட்ரோபோனினும் குறைவு. பொது வரம்பில் அந்தப் பெண்ணின் 21 சாதாரணம். பெண் வரம்பில் அது இதயத் தசை சேதமடைந்ததன் அடையாளம்.

பொது வரம்பின் பக்கமும் நியாயம் உண்டு. நள்ளிரவு அவசரத்தில் ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும். பெரிய மாரடைப்பில் அளவு ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். அங்கே 16, 26 என்ற பேச்சே எழாது. ஒரு மணிநேர இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்துப் பார்க்கும் ஐரோப்பிய வழிகாட்டலின் முறையும் இருபாலருக்கும் ஒரே எண்களையே வைத்திருக்கிறது. ரோஷ் நிறுவனத்தின் ட்ரோபோனின் டி சோதனையில் 14 என்ற ஒரே வரம்புதான் பல நாடுகளில் பழக்கம். அந்த 14ஐ இந்த 16உடன் ஒப்பிடவே கூடாது. அளக்கப்படும் புரதமே வேறு.

ஆனாலும் நான் தனி வரம்பின் பக்கமே நிற்கிறேன். 2018இல் வெளியான மாரடைப்பின் நான்காவது உலகளாவிய வரைவிலக்கணமும் அதையே பரிந்துரைக்கிறது. ஸ்கொட்லாந்தில் 48,282 பேரிடம் நடந்த ஆய்வில், தனி வரம்புடன் உயர் உணர்திறன் சோதனைக்கு மாறியபோது இதயச் சேதம் கண்டறியப்பட்ட பெண்கள் 42 சதவீதம் கூடினார்கள். ஆண்களில் கூடியது 6 சதவீதம் மட்டுமே. மனம் கொதிப்பது அதற்கு அடுத்த தகவலில்தான். சேதம் தெரிந்த பிறகும், இதய இரத்தக் குழாய் அடைப்பைச் சீராக்கும் சிகிச்சை ஆண்களில் 34 சதவீதத்தினருக்குக் கிடைத்தது, பெண்களில் 15 சதவீதத்தினருக்கே கிடைத்தது. பெண்களில் சேதத்துக்கு வேறு காரணங்கள் கூடுதலாக இருப்பது உண்மை. அதை மட்டும் சொல்லி இந்த இடைவெளியைக் கடந்துபோக எனக்கு மனமில்லை.

பொசிட்டிவ், நெகட்டிவ் என்று மட்டும் சொல்லும் காட் என்னும் அட்டைச் சோதனைக்கு இந்த விவாதமே பொருந்தாது. அவற்றில் பல லீற்றருக்கு 500 நனோகிராம் அளவில்தான் கோடு காட்டும். 21 அதன் கண்ணில் படாது.

எந்த வரம்பானாலும் ஒற்றை அளவை நம்பி முடிவெடுக்க முடியாது. சில மணிநேரத்தில் மீண்டும் இரத்தம் எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அம்பாறையின் தெஹியத்தகண்டியப் பக்கம் அதிகமாகக் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோயில், மாரடைப்பு இல்லாமலே ட்ரோபோனின் உயர்ந்து அசையாமல் நிற்பதுண்டு. ஆகவே ரிப்போர்ட்டில் சோதனையின் பெயரும் பெண்ணுக்கான வரம்பும் இல்லையென்றால் ஆய்வுகூடத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். இரண்டாவது இரத்தம் எத்தனை மணிக்கு என்று விடுதித் தாதியிடமும் கேளுங்கள்.