பழைய கம்ப்யூட்டருக்கு நெட்: டாங்கிளா, லேன் அடாப்டரா, போனா?

போன ஐப்பசியில் விழுந்த இடியில் எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பின் லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் இடம்) போய்விட்டது. கோர் 2 டுயோ மிஷின். மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது, கேபிள் செருகினால் பச்சை விளக்கு மட்டும் எரியவில்லை. அதற்காக மதர்போர்டை மாற்ற மனம் வரவில்லை. யூஎஸ்பி வழியாக நெட் கொடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் அதே மிஷினில், விண்டோஸ் 7, லினக்ஸ் மின்ட் இரண்டிலும் போட்டுப் பார்த்தேன்.

பலரும் முதலில் வாங்குவது நகம் அளவு இருக்கும் வைஃபை டாங்கிளைத்தான். அட்டையில் வேகம் 150 எம்பிபிஎஸ் (நொடிக்கு 150 மெகாபிட்) என்று இருக்கும், கைக்கு வருவது அதில் பாதிகூட இல்லை. கேபினெட்டின் பின்பக்கம் செருகினால் தகரம் சிக்னலை மறைக்கிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளை மேசைமேல் வைத்ததும் இரண்டு கோடாக இருந்த சிக்னல் நான்கானது. டாங்கிள் வாங்குகிறவர்கள் அந்தக் கேபிளையும் சேர்த்தே வாங்குங்கள்.

டாங்கிளில் பெரிய தலைவலி டிரைவர், அதாவது அதை இயக்க கம்ப்யூட்டரில் இருக்க வேண்டிய மென்பொருள். பெட்டியில் உள்ள பெயரை நம்ப முடியாது, உள்ளே இருக்கும் சிப்பைத்தான் பார்க்க வேண்டும். டிபி-லிங்க் டபிள்யூஎன்722என் மாடலில் முதல் பதிப்பில் இருந்தது ஏதெரோஸ் 9271 சிப். லினக்ஸில் செருகியதும் ஓடும். இரண்டாம் பதிப்பிலிருந்து அதே பெயரில் ரியல்டெக் 8188இயூஎஸ் வந்துவிட்டது. இந்த ரியல்டெக் சிப்புக்கு லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் முறையான ஆதரவு வந்தது 2023-இல், 6.3 பதிப்பில்தான். 'டிரைவர் வேண்டாம்' என்று விற்கும் சில டாங்கிள்கள் முதலில் சிடி டிரைவ் போலத் தெரியும். பழுது என்று நினைக்க வேண்டாம், உள்ளே டிரைவரை வைத்திருக்கும் முறை அது.

யூஎஸ்பியில் செருகி, மறுமுனையில் நெட் கேபிளை மாட்டும் யூஎஸ்பி லேன் அடாப்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. உள்ளே இருக்கும் சிப் ஆசிக்ஸ் 88772, ரியல்டெக் 8152 என்றால் 100 எம்பிபிஎஸ். ஆசிக்ஸ் 88179, ரியல்டெக் 8153 என்றால் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். எதை வாங்கினாலும் மின்ட் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பழைய மிஷினில் இருப்பது யூஎஸ்பி 2.0 என்பதால் கிகாபிட் அடாப்டரும் ஏறக்குறைய 300 எம்பிபிஎஸ்-க்கு மேல் போகாது. யூஎஸ்பி 2.0-க்கு ஏட்டில் உள்ள 480 கைக்கு வராது. உங்கள் பிளான் 100 எம்பிபிஎஸ்-க்குள் இருந்தால் கிகாபிட்டுக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். மிக மலிவாகக் கிடைக்கும் சில அடாப்டர்களில் '10/100' என்று அச்சிட்டிருப்பார்கள், உள்ளே இருப்பது யூஎஸ்பி 1.1 சிப். 12 எம்பிபிஎஸ்-ஐத் தாண்டாது. சிப்பின் பெயரைச் சொல்லாத விளம்பரம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, போன்? நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும் என்று முழிக்கும்போது கைகொடுப்பது அதுதான். ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டைக் கேபிள் வழியாகப் பகிரும் வசதி) ஆன் செய்தால் போதும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே கம்ப்யூட்டருக்கும் போகும், மொபைல் டேட்டா செலவாகாது. விண்டோஸ் 7-இல் லேன் அடாப்டரின் டிரைவரை நான் இறக்கியது இப்படித்தான். ஆனால் யாராவது போனை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பினால் நெட்டும் கூடவே கிளம்பிவிடும். தினசரிக்கு ஆகாது.

கேபிள் எட்டுகிற இடத்தில் கம்ப்யூட்டர் இருந்தால் யோசிக்காமல் லேன் அடாப்டர். ரூட்டர் இரண்டு அறை தள்ளி இருந்து, சுவரில் துளை போட முடியாத வாடகை வீடு என்றால் மட்டும் டாங்கிள். அப்புறம், ரூட்டர் இல்லாமல் ஆபரேட்டரின் கேபிள் நேராகக் கம்ப்யூட்டருக்கே வருகிற வீடுகளில், புது அடாப்டர் போட்டதும் நெட் வராமல் போகலாம். அடாப்டர் மாறினால் மேக் முகவரியும் (ஒவ்வொரு அடாப்டருக்கும் உள்ள அடையாள எண்) மாறும், சில ஆபரேட்டர்கள் பழைய முகவரியைத்தான் பதிந்து வைத்திருப்பார்கள். அடாப்டரைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அவர்களுக்கு ஒரு போன் போட்டு, புது முகவரியைப் பதியச் சொல்லுங்கள்.