என் ஊரில் என் பணம் அந்நியப் பணம்

ஊருக்குப் போகும்போது பையில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றைக் கொண்டுபோனேன். பதினெட்டு நாள் கழித்து அதே கருவி, அதே அட்டைப்பெட்டியில், லண்டனுக்கே திரும்பி வந்துவிட்டது. இதை எழுதும்போது எதிரே மேசைமேல்தான் இருக்கிறது. அக்காவிடமாவது கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். இருந்த கோபத்தில் அது தோன்றவில்லை.

விமானம், ரயில், ஆதார் திருத்தம், வங்கி எதிலும் குறையில்லை. அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

அம்பாசமுத்திரத்துக்கு வெளியே ஒரு சிறு அறக்கட்டளை இருக்கிறது. மாலையில் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். சனிக்கிழமை ஒரு நர்ஸ் வந்து சர்க்கரை, பிரஷர் பார்ப்பார். மூன்று ஆண்டுகளுக்கு முன் போயிருந்தபோது அந்த நர்ஸ் வைத்திருந்த கருவியைப் பார்த்தேன். கையில் சுற்றும் பட்டை தேய்ந்து, ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்டாமல் விலகிக்கொண்டே இருந்தது. பரிசோதனைக்கு வந்த ஆச்சியையே மறுகையால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஆச்சியும் ஏதோ பெரிய பொறுப்பு கிடைத்ததுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படி மூச்சைப் பிடித்தால் பிரஷர் என்ன காட்டும்?

லண்டன் திரும்பியதும் இதை நண்பர்களிடம் சொன்னேன். ஆறு பேர் சேர்ந்து ஒரு லட்ச ரூபாய் அளவுக்குத் திரட்டினோம். கருவி என் தனிக் கணக்கு.

நம் பழைய முறை உங்களுக்குத் தெரியும். உறையை நீட்டுவோம், "எதற்கு இதெல்லாம்" என்று ஒரு மறுப்பு வரும், பிறகு டீ வரும், டீ ஆறுவதற்குள் ரசீது வரும். அந்த நினைப்போடுதான் போனேன். அலுவலகத்தில் இருபத்தைந்து வயதுகூட ஆகாத ஒரு பெண் இருந்தார். ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். இரண்டு தாளுக்கு நடுவே கார்பன் தாளைச் செருகி, ஓரம் பார்த்துச் சரிசெய்தார். பேனா மூடியைக் கழற்றினார். பெயர் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"என்ன பாஸ்போர்ட் சார்?"

பிரிட்டிஷ் என்றேன். பேனா மூடி திரும்பப் பேனாவில் ஏறிவிட்டது. கார்பன் தாளும் வெளியே வந்துவிட்டது.

வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டையை எடுத்துக் காட்டினேன். வாழ்நாள் விசா, நான் பிறந்தது இதே ஊர் அரசு மருத்துவமனையில், படித்தது இதே ஊர்ப் பள்ளியில் என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அட்டை இருந்தாலும் நீங்கள் வெளிநாட்டுக் குடிமகன்தான் சார். எங்களுக்கு வெளிநாட்டு நன்கொடைப் பதிவு இல்லை. வாங்கினால் தப்பு." ரூபாயாகவே தருகிறேனே என்றேன். பணம் எந்த நாட்டு நோட்டு என்பதல்ல, தருகிறவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் கணக்காம். சரி, இந்தக் கருவியையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று பெட்டியை நகர்த்தினேன். மேசையின் பாதித் தூரம் போன பெட்டியை இரண்டு விரலால் என் பக்கமே தள்ளினார். "பொருளும் நன்கொடைதான் சார்."

அந்த இரண்டு விரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

லண்டனில் என் கதை என்ன தெரியுமா? படுக்கையில் சாய்ந்தபடி கைப்பேசியில் பத்து பவுண்டு தட்டிவிட்டால், நான் வரி கட்டுகிறவன் என்று ஒரு சிறு கட்டத்துக்குள் டிக் போட்டதற்காகவே அரசாங்கம் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் சேர்த்து அந்த அமைப்புக்குக் கொடுக்கும். அமைப்பின் வரவுசெலவை அறக்கொடை ஆணையத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கே நான் கொடுக்க முன்வந்தால் கதவு தானாகத் திறக்கிறது. இங்கே என் பிறந்த ஊரில், என் அம்மா தண்ணீர் சுமந்த தெருவுக்கு அடுத்த தெருவில், நான் அந்நியச் சக்தி!

மறுநாளும் போனேன். ஆள் மாறினால் பதில் மாறும் என்பது நம் பழைய நம்பிக்கை அல்லவா? இம்முறை கணக்கு பார்க்கும் அண்ணாச்சி இருந்தார். டீ வந்தது. ரசீது வரவில்லை.

"அக்கா பெயரில் போட்டுக்கொள்ளுங்களேன் அண்ணாச்சி."

"அக்கா தன் பணத்தைக் கொடுத்தால் அக்கா பெயரில் போடலாம் தம்பி. உங்கள் பணத்தை அக்கா கையால் வாங்கினால் அது சுற்றுவழி. நாளைக்கு யாராவது கேட்டால் உங்களுக்கு ஒன்றும் ஆகாது, இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான் மூடுவார்கள்."

அதற்குப் பிறகு அவர் சொன்னவற்றைக் கேட்டபோதுதான் கோபம் அந்தப் பெண்மேல் இருந்து வேறு பக்கம் திரும்பியது. வெளிநாட்டுப் பணம் வாங்கப் பதிவு வேண்டுமென்றால், அமைப்பு தொடங்கி மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும், கடைசி மூன்று ஆண்டில் 15 லட்சமாவது சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். இவர்கள் செலவு அந்தப் பக்கமே போகாது. அப்படியே பதிவு கிடைத்தாலும், வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு முதல் கணக்கு டெல்லியில், ஸ்டேட் பேங்கின் ஒரே ஒரு கிளையில்தான் இருக்க வேண்டும். தாமிரபரணிக் கரையில் இருப்பவருக்கு வரும் பணம் டெல்லியில் இறங்கித்தான் வரும். நிர்வாகச் செலவுக்கு வெளிநாட்டுப் பணத்தில் 20 சதவீதத்துக்கு மேல் தொடக்கூடாது, முன்பு 50 இருந்தது. இவை எல்லாவற்றையும்விட இவர்களை அடித்தது இன்னொன்று. பதிவு பெற்ற பெரிய அமைப்பு, தான் வாங்கிய வெளிநாட்டுப் பணத்தை மற்றொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கவே கூடாது. அதுவரை நகரத்துப் பெரிய அமைப்பு ஒன்றுதான் இவர்களுக்கு ஆண்டுதோறும் கொடுத்துவந்திருக்கிறது. வாரம் மூன்று நாள் வந்த நர்ஸ் சனிக்கிழமை மட்டும் வருவதன் காரணம் அதுதானாம். மூன்று ஆண்டுக்கு முன் பக்கத்தில் நின்று பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை.

கணக்கே காட்டாமல் பணம் வாங்கிய அமைப்புகள் இருந்தன, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்கு விரித்த வலையில் சிக்கியிருப்பது நெத்திலி.

இதே மாவட்டத்தில்தான் அரவிந்த் கண் மருத்துவமனையும் இருக்கிறது. அம்மாவுக்குக் கண்புரை எடுத்தது திருநெல்வேலிக் கிளையில். கூட்டத்தைப் பார்த்து நான் பயந்தேன். அம்மா அடுத்த வாரம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது அது. (நெருக்கடி நிலைக் காலத்தில், அதே 1976-ல்தான் முதல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டமும் வந்தது. இரண்டும் ஒரே வயது.) அமெரிக்காவின் சேவா அமைப்பு அவர்களோடு கைகோத்தபோது பணத்தோடு நிற்கவில்லை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மதுரையிலேயே செய்யும் தொழில்நுட்பம் வந்துசேரத் துணைநின்றது. 1992-ல் அந்த லென்ஸைச் செய்யும் ஆரோலேப் தொடங்கியது. இறக்குமதி லென்ஸின் விலை எட்டாத ஏழைக்கும் லென்ஸ் கிடைத்தது. நானோ லண்டனில் வாங்கிய ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். பட்டை தேய்ந்தால் மாற்றுப் பட்டை திருநெல்வேலியில் கிடைக்குமா என்று நர்ஸ் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

அண்ணாச்சியிடம் விடைபெறும்போது அந்தப் பெண்ணையும் பார்த்துத் தலையசைத்தேன். "கோபமா சார்?" என்று கேட்டார். இல்லை என்று பொய் சொன்னேன்.

இரவு துபாயில் இருக்கும் தம்பியிடம் போனில் புலம்பித் தீர்த்தேன். நான்கு ஆண்டாக ஊர்ப் பக்கம் எட்டிப் பார்க்காதவன் அவன். அந்த அறக்கட்டளை எந்தத் தெருவில் இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, "அண்ணா, என்னிடம் இந்தியப் பாஸ்போர்ட்தானே இருக்கிறது" என்றான். வெளிநாட்டில் இருந்தாலும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டுப் பணம் ஆகாது. இரண்டே நாளில் தன் சொந்தப் பணத்தில் ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டான்.

நண்பர்கள் கொடுத்த ஒரு லட்சம் என் கணக்கில் அப்படியே கிடக்கிறது. பதிவு பெற்ற மருத்துவமனை ஒன்றுக்கு, டெல்லி வழியாக, அனுப்பலாமா என்று ஆறு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தம்பி நேற்று ரசீதைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அதே பெண்ணின் கையெழுத்து. கார்பன் சரியாகப் பதிந்திருக்கிறது.