கார்வையில் விழுந்த ஓட்டை: லினக்ஸில் உயர்தர ஒலி கேட்ட நான்காண்டு அனுபவம்

திருப்பாப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலின் வைகாசித் திருவிழாவில், 2022ஆம் ஆண்டு, சுவாமி புறப்பாட்டுக்கு முன் வாசிக்கப்பட்ட நாகசுர ஆலாபனையைக் கைக்கு அடக்கமான ரெக்கார்டர் ஒன்றில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், அதாவது நொடிக்கு 96,000 முறை ஒலியை அளந்து (ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி), பதிவு செய்திருந்தேன். வாசித்தவர் எங்களுக்கு அடுத்த தெருக்காரர். ஒரு மாலை அவரை வீட்டுக்கு அழைத்து, மாடி அறையில் உட்காரவைத்து, அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். மேல் சட்ஜத்தில் அவர் நின்ற நீண்ட கார்வையின் நடுவே ஒலி அரை நொடி அறுந்து மீண்டும் வந்தது. அவர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு, “தம்பி, அந்த இடத்துல நான் மூச்சு எடுக்கலையே” என்றார். திரும்ப ஓட்டியபோது அந்த இடம் முழுமையாக ஒலித்தது. வேறோர் இடத்தில் அறுந்தது. கோப்பில் குறை இருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில்தான் அறுபட வேண்டும் என்பதால், பதிவு சரியாக இருக்கிறது, ஒலிக்கச் செய்யும் வழியில்தான் பழுது என்பது அன்றே தெளிவாகிவிட்டது. அந்த வழியில் பழுது எங்கெங்கே இருந்தது என்று கண்டறிய எனக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

எங்கள் வீடு கடலூர் தேவனாம்பட்டினத்தில், அலையோசை கேட்கும் தொலைவில் இருக்கிறது. கீழ்க்கூடத்தில் உள்ள பழைய மேசைக் கணினியில் இசைக் கோப்புகள் அனைத்தும் உள்ளன. மாடி அறையில் ஒரு சிறிய கணினி, அதில் டெபியன் லினக்ஸ் இயங்குதளம், எம்பிடி என்ற இசை இயக்கி, யூஎஸ்பி வழியாக இணைந்த, எண்களாக உள்ள ஒலியை மின் அலையாக மாற்றும் ஒரு டிஏசி கருவி, அதிலிருந்து ஆம்ப்ளிஃபயர், இரண்டு ஸ்பீக்கர்கள். கோப்புகள் கீழிருந்து மேலே வைஃபை வழியாக, என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வின் மூலம் வந்துகொண்டிருந்தன. 2021இன் இறுதியில் டெபியன் 11 கொண்டு இதை அமைத்தேன்.

ஒலி அறுபடுகிறது என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் அறிவுரை, ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடமான பஃபரைப் பெரிதாக்கு என்பதுதான். அதை நானும் செய்தேன். அறுபடுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. குறைந்துவிட்டதாலேயே எப்போது, எதனால் நேர்கிறது என்று கவனிப்பதும் கடினமாகிவிட்டது. எனவே எல்லா அமைப்புகளையும் பழைய நிலைக்கே கொண்டுவந்து, முதலில் அளப்பது, பிறகே மாற்றுவது என்று முடிவு செய்தேன். இன்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

அளப்பதற்கு லினக்ஸில் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. ஆல்சா என்னும் ஒலி அடுக்கு, ப்ராக் கோப்புறையின் கீழ் ஒவ்வொரு ஒலிக்கருவிக்கும் ஓர் உள்கோப்புறை வைத்திருக்கிறது. இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதிலுள்ள ஹெச்டபிள்யூ-பராம்ஸ் என்ற கோப்பைத் திறந்து படித்தால், கருவி அந்தக் கணத்தில் எந்த மாதிரி வீதத்தில், எத்தனை பிட்டில், எவ்வளவு பஃபருடன் இயங்குகிறது என்பது தெரிந்துவிடும். அதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. நான் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பைக் கேட்டுக்கொண்டிருக்க, கருவிக்குப் போனதோ 48 கிலோஹெர்ட்ஸ். டெபியன் 11இல் இயல்பாக அமைந்திருந்த, நிரல்களின் ஒலியை வாங்கி ஆல்சாவுக்கு அனுப்பும் பல்ஸ்ஆடியோ, 44.1 அல்லது 48 என்ற இரண்டில் ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றியே அனுப்பும். இது அறுபடுவதற்குக் காரணம் அல்ல. ஆயினும் உயர்தர ஒலி என்று நம்பி ஆறு மாதம் கேட்டது உயர்தர ஒலியே அல்ல என்பது வேறு எந்த வகையிலும் எனக்குத் தெரிந்திருக்காது. எம்பிடியின் வெளியீட்டைப் பல்ஸ்ஆடியோவை விலக்கி நேரே ஆல்சாவுக்குத் திருப்பினேன். வீதம் 96000 என்று காட்டியது.

அறுபடுவது அப்படியே இருந்தது. ஆனால் இப்போது எம்பிடியின் பதிவேட்டில், டிகோடர் (கோப்பை விரித்து ஒலியாக்கும் பகுதி) மெதுவாக உள்ளது, எக்ஸ்ரன் நேராதபடி மௌனம் ஒலிக்கப்படுகிறது என்ற பொருள்பட ஒரு வரி ஒவ்வொரு முறையும் விழுந்தது. எக்ஸ்ரன் என்பது, ஒலிக்கருவி அடுத்த துண்டைக் கேட்கும் நேரத்தில் கணினி அதைக் கொடுக்கத் தவறுவது. இங்கே கருவி தவறவில்லை, ஆல்சாவும் தவறவில்லை. எம்பிடியின் கைக்கே சரக்கு வந்து சேரவில்லை. அப்படியானால் பழுது அதற்கு முன்னால், அதாவது கோப்பு மாடிக்கு ஏறி வரும் வழியில் இருக்க வேண்டும்.

சிடி தரக் கோப்புகள் ஒருநாளும் அறுபடாமல், உயர்தரக் கோப்புகள் மட்டும் ஏன் அறுபட்டன என்பதும் இதே இடத்தில்தான் விளங்கியது. எம்பிடி விரித்த ஒலியைச் சேர்த்து வைக்கும் பஃபர் இயல்பில் 4 எம்பி. சிடி தரம் நொடிக்கு 1,76,400 பைட் எடுக்கும் என்பதால், அந்த 4 எம்பியில் ஏறக்குறைய 24 நொடி இசை அடங்கிவிடுகிறது. 24 பிட் மாதிரிகளை எம்பிடி 32 பிட் இடத்தில் வைப்பதால், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு நொடிக்கு 7,68,000 பைட் தேவை. அதே பஃபரில் ஐந்தரை நொடிதான் அடங்கும். 192 கிலோஹெர்ட்ஸில் அது 2.7 நொடியாகச் சுருங்கிவிடும். ஆக, வைஃபை ஆறு நொடி மூச்சடைத்து நின்றால் சிடி தரத்தில் யாருக்கும் தெரியாது. 96 கிலோஹெர்ட்ஸில் அரை நொடி ஓட்டை விழும். 192இல் மூன்று நொடிக்கும் மேல் மௌனம். வேகம் போதவில்லை என்பது இதற்குப் பொருள் அல்ல. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவுக்குச் சுருக்காத நிலையில்கூட நொடிக்கு 9.2 மெகாபிட்தான் வேண்டும். எங்கள் வைஃபை அதைப்போல் பல மடங்கு தரும். வேகம் இருந்தது, நிதானம் இல்லை.

வைஃபை ஏன் நின்று நின்று வந்தது என்பதற்கு விடை கடிகாரத்தில் இருந்தது. மறுமுனையிலிருந்து பதில் வரும் நேரத்தை அளக்கும் பிங் கட்டளையைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்தபோது, மாலை ஏழு மணிக்குப் பிறகு மூன்று நான்கு மில்லிநொடியில் வந்த பதில்கள் திடீரெனப் பல நொடிகள் தாமதித்தன. ஏழு மணிக்குத்தான் மாடிக் கணினியில் காப்புப்பிரதி எடுக்கும் வேலை தொடங்கும்படி நான் வைத்திருந்தேன். அதற்கான யூஎஸ்பி 3.0 வன்தட்டு, 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை டாங்கிளுக்கு ஒட்டினாற்போல அடுத்த துளையில் செருகப்பட்டிருந்தது. யூஎஸ்பி 3.0 இணைப்பு இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும் என்பதை இன்டெல் 2012இலேயே ஓர் அறிக்கையில் விளக்கியிருக்கிறது. டாங்கிளை ஒரு மீட்டர் நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்ததும் பெரும்பகுதி சரியாயிற்று. பிறகு மாடிப்படி ஓரமாக ஈத்தர்நெட் கேபிள் இழுத்தேன். அந்த வகை ஓட்டை அதோடு முடிந்தது. அதற்குப் பிறகுதான், காரணம் தீர்ந்த நிலையில், எம்பிடி பஃபரை 16 எம்பியாக உயர்த்தி வைத்தேன்.

இடையில் சிலர், வேலைகளைக் குறித்த நேரத்துக்குள் முடிக்க முன்னுரிமை தரும் ரியல்டைம் கெர்னல் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப்பகுதி) போடச் சொன்னார்கள், சிபியூவை எப்போதும் முழு வேகத்தில் ஓடவிடச் சொன்னார்கள். இரண்டையும் முயன்றேன், என் அமைப்பில் எந்த வேறுபாடும் இல்லை. ஒலிப்பதிவு செய்பவர்களுக்கும், கணினி வழியாகக் கருவி வாசித்து அதை உடனே கேட்க வேண்டியவர்களுக்கும் ரியல்டைம் கெர்னல் அவசியமாகலாம். அரை நொடிப் பஃபர் வைத்துக் கேட்பவருக்கு அது தேவையில்லை என்பதே என் கருத்து.

2023இல் டெபியன் 12க்கு மாறியபோது, உலாவியின் ஒலியும் அதே டிஏசி வழியாக வரவேண்டும் என்பதற்காக, பல்ஸ்ஆடியோவின் இடத்தில் அமையும் பைப்வயருக்கு மாறினேன். பைப்வயர் இயல்பில் 48 கிலோஹெர்ட்ஸை மட்டுமே அனுமதிக்கும். அனுமதிக்கும் வீதங்களின் பட்டியலில் 44100 முதல் 192000 வரை ஆறையும் நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும், வேறொரு நிரல் ஒலித்துக்கொண்டிருக்கும்போது வீதம் மாறாது. உலாவியில் ஒரு காணொளி ஓடிக்கொண்டிருந்தால் நம் 96 கிலோஹெர்ட்ஸ் கோப்பும் 48க்கு இறங்கித்தான் ஒலிக்கும். பிடபிள்யூ-டாப் என்ற கட்டளை இவை அனைத்தையும் ஓடும்போதே காட்டுகிறது. அதிலுள்ள ஈஆர்ஆர் என்ற பத்தி, குறித்த நேரத்துக்குள் வேலை முடியாமல் போனது எத்தனை முறை என்பதன் எண்ணிக்கை. கேட்பவர் ஒவ்வொருவரும் பழகிக்கொள்ள வேண்டிய பத்தி அது.

புதிய தொல்லை ஒன்றும் வந்தது. ஐந்து நொடி மௌனமாக இருந்தாலே ஒலிக்கருவியைத் தூங்கவைப்பது பைப்வயரோடு இயங்கும் வயர்ப்ளம்பரின் இயல்பு. அடுத்த பாட்டு தொடங்கும்போது டிஏசிக்குள் டிக்கென்று ரிலே விழும் சத்தம் கேட்கும். அது விழித்தெழுவதற்குள் முதல் ஸ்வரம் போய்விடும். தூங்கும் நேரத்தைச் சுழியமாக்கினால் சரியாகிவிடும்.

உண்மையில் என்னைத் திணறடித்தது 2024 டிசம்பர். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. தொடர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம். மின்சாரம் வந்து, வீடு காய்ந்து, மீண்டும் இசை கேட்க உட்கார்ந்தபோது, ஒலி அறுபடவில்லை, ஆனால் நகத்தால் சுண்டினாற்போல மெல்லிய டிக் ஒலிகள் இங்கொன்றும் அங்கொன்றுமாக விழுந்தன. ஈஆர்ஆர் பத்தி சுழியம். எம்பிடி பதிவேட்டில் ஒன்றும் இல்லை. கெர்னல் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை. கணினியைக் கேட்டால் எல்லாம் நலம் என்கிறது, காது இல்லை என்கிறது.

இந்த வகைப் பழுதைத் தவில் தனி ஓடும்போது கண்டுபிடிக்கவே முடியாது. அத்தனை தட்டுகளுக்கு நடுவே ஒரு டிக் கரைந்துவிடும். எனவே தம்புரா சுருதியை மட்டும் அரை மணி நேரம் ஓடவிட்டு ஹெட்போனில் கேட்டேன். அசையாத நீர்ப்பரப்பில் தூசு விழுந்தாலும் தெரிவதுபோல, ஒவ்வொரு டிக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. டிஏசியின் வெளியீட்டை அதே ரெக்கார்டரில் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் பெரிதாக்கிப் பார்த்தேன். கணினி தாமதித்ததால் வரும் ஓட்டை என்றால் அலை தட்டையாகிப் பல மில்லிநொடிகள் கிடக்கும். இங்கே அப்படி இல்லை. சீராக வளைந்து வந்த கோடு ஒரு புள்ளியில் அறுந்து, சற்று முன்னால் தாவித் தொடர்ந்தது. தாவிய தூரம் ஏறக்குறைய பன்னிரண்டு மாதிரிகள். ஹை-ஸ்பீடு யூஎஸ்பி நொடிக்கு 8,000 துண்டுகளாக ஒலியை அனுப்புகிறது. 96,000 மாதிரிகளை 8,000ஆல் வகுத்தால் துண்டுக்குப் பன்னிரண்டு. ஒரே ஒரு துண்டு வழியில் தொலைந்தால் விழும் தழும்பு அது.

யூஎஸ்பியில் ஒலி செல்லும் முறை ஐசோக்ரோனஸ் எனப்படுகிறது. இதில் பிழையைக் கண்டறியும் சோதனை உண்டு, ஆனால் மறுபடி அனுப்புவது கிடையாது; கெட்ட துண்டு கெட்டதுதான். வன்தட்டும் பென்டிரைவும் பல்க் என்ற வேறு முறையில் இயங்குகின்றன. பிழை நேர்ந்தால் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதே துளையில் பென்டிரைவைச் செருகி ஒரு பெரிய கோப்பை நகலெடுத்து, செக்சம் (கோப்பு மாறவில்லை என்பதைச் சரிபார்க்கும் எண்) ஒத்துப்போனதைப் பார்த்து, துளை நன்றாக இருக்கிறது என்று நான் தவறாக முடிவு கட்டியதற்கு இதுவே காரணம். அந்தச் சோதனை இங்கே எதையும் நிரூபிக்காது.

டிஏசியின் பின்புறம் இருந்த சதுர வடிவ டைப்-பி கேபிளைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு தகடுகளில் இரண்டின் விளிம்பில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. உப்புக் காற்றில் பித்தளைக் குத்துவிளக்கில் ஏறும் அதே களிம்பு; புயலுக்குப் பின் வாரக்கணக்கில் நின்ற ஈரம் அதை வளர்த்திருக்கிறது. கருவியின் துளையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்துக் காயவிட்டேன். லாரன்ஸ் ரோட்டில் கேபிள் தேடியபோது கடைக்காரர் முதலில் ஐந்து மீட்டர் நீளத்தில் ஒன்றைக் கொடுத்தார். யூஎஸ்பி 2.0 கேபிளுக்கு ஐந்து மீட்டர் என்பதே உச்ச எல்லை என்பதால் அதைத் தவிர்த்து, ஒன்றரை மீட்டரில், முலாம் கெடாத தகடுகள் கொண்ட ஒன்றை வாங்கினேன். அன்றிரவு தம்புரா இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு டிக் இல்லை.

2025 ஆகஸ்டில் டெபியன் 13 வெளிவந்ததும் மாறினேன். பைப்வயர் அமைப்புகள் அப்படியே வேலை செய்தன. ஆனால் முதல் ஸ்வரத்தை விழுங்கும் தொல்லை திரும்பி வந்தது: டெபியன் 12இலிருந்த வயர்ப்ளம்பர் 0.4 தன் அமைப்புகளை லுவா என்ற நிரல்மொழிக் கோப்புகளில் வைத்திருக்கும், 0.5 அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை, கான்ஃப் கோப்புகளை மட்டுமே படிக்கும். அதே அமைப்பைப் புதிய வடிவில் எழுதி வைக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பதிப்பு மாற்றுபவர்கள் பழைய லுவா கோப்புகளை முன்கூட்டியே எடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது மாடி அறையில் டிஏசி ஒரு கண்ணாடிக் கதவு அலமாரிக்குள் இருக்கிறது. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை கேபிளைக் கழற்றித் தகடுகளைப் பார்க்கிறேன், மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. சென்ற வாரம் மாற்றிய பொட்டலங்களை வெயிலில் காயவைத்திருக்கிறேன்.